கொடுக்காத கவர்

டிசம்பர் 2, திங்கள்

ஜனவரியில் நாலு நாள் எழுதிவிட்டு மூடிய டைரி இது. எங்கள் நகரக் கலைக் கழகம் வருஷா வருஷம் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் டைரி. அடுத்த வருஷத்துக்கு அச்சடிப்பதில்லை என்று இன்று முடிவாகிவிட்டது. இருப்பதை வீணாக்க வேண்டாமே என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாநகராட்சியிலிருந்து தாள் வந்தது. எங்கள் மானியத்தில் ஏறக்குறையப் பாதி வெட்டு. சாலையும் சாக்கடையும் முதலில், பாட்டும் ஆட்டமும் பிறகு என்கிறார்கள். போன வாரம் முழங்கால் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்தவன் நான். என்னால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. செயலர் அருணகிரி சார் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு டீ வரவில்லை. அப்போதே நிலைமை புரிந்துவிட்டது.

இனி விழாக்களில் மாலைக்குப் பதில் துண்டு. அழைப்பிதழ் வாட்ஸப்பில் மட்டும். பிளெக்ஸ் பேனர் ஒன்றே ஒன்று, அதில் 'விழா' என்று மட்டும் இருக்கும், யாருடைய விழாவோ அவர் பெயரைக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். விருந்தினர்களுக்குப் போர்த்தும் பொன்னாடையை அவர்கள் காரில் ஏறுவதற்குள் நாசூக்காகத் திரும்ப வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பு அலுவலக உதவியாளர் பேச்சியம்மாளுக்கு. "தோள்ல போட்டத எப்படி சார் உருவுதது?" என்று அவர் கேட்டார். நான் சிரித்தேன். செயலர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒன்று சொன்னார். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் இந்த மாதத்தோடு போக வேண்டும். வாய்ப்பாட்டு ஆசிரியை, பரத ஆசிரியை, பேண்டு ஆசிரியை. நான்காவது ஆளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். யாரை அனுப்பலாம் என்று குறிப்பு எழுதி வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

டிசம்பர் 4, புதன்

கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதுதானே வழக்கம் என்று செயலர் கேட்டார். கலைத் துறைக்கு அது சரிப்பட்டு வராது, பயன் என்ன என்று பார்க்க வேண்டும் என விளக்கினேன். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் அரசு இசைத் தேர்வில் தேறினார்கள் என்று கணக்கெடுக்கலாம் என்றேன். தலையாட்டினார். நல்ல யோசனை என்றும் சொன்னார்.

ரேஷன் கடையில் இன்றும் பாமாயில் இல்லை. என் மனைவி ஆவுடை என்னைத்தான் திட்டினாள்.

டிசம்பர் 6, வெள்ளி

குறிப்பு வைத்தாயிற்று. வாய்ப்பாட்டில் பதினொரு பேர், பரதத்தில் ஒன்பது பேர். பேண்டில் யாரும் இல்லை. பேண்டு வாத்தியத்துக்கு அப்படி ஒரு தேர்வே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அளவுகோல் என்று ஒன்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆக, ஞானமலர் டீச்சர்.

டிசம்பர் 9, திங்கள்

மாலை ஐந்தரைக்கு பேண்டு வகுப்பு. வேண்டுமென்றே மாடியை விட்டு இறங்காமல் இருந்தேன். ஆனாலும் சத்தம் ஏறி வருகிறது. மாநகராட்சிப் பள்ளிப் பெண்பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ட்ரம்பெட், கிளாரினெட், பெரிய ட்ரம், சின்ன ட்ரம். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் மாநகராட்சி வாசலில் இவர்கள் வாசித்தால்தான் கொடி ஏறும். யாராவது சுருதி தப்பினால் டீச்சர் கத்த மாட்டார். "மக்கா, இன்னொருக்க" என்பார். அவ்வளவுதான். பிள்ளைகள் அந்த 'இன்னொருக்க'வுக்கே நடுங்குவார்கள்.

பித்தளை பாலிஷ் வாங்கக் காசில்லை என்று சொன்னதிலிருந்து ஆளுக்கொரு உருண்டை புளி கொண்டுவந்து வாத்தியங்களைத் தேய்க்கிறார்கள். அலுவலகமே ரசம் வைத்த வீடு மாதிரி மணக்கிறது.

டிசம்பர் 11, புதன்

இத்தனை வருஷம் உழைத்தவரை வெறும் தாளைக் கொடுத்து அனுப்புவது நம் மரபல்ல என்று செயலரிடம் சொன்னேன். ஒரு பாராட்டு விழா வைப்போம். பட்டம், பாராட்டு மடல், பொன்னாடை. விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு விடுவிப்பு ஆணையைத் தனியாக, மரியாதையாக, நானே கொடுத்துவிடுகிறேன். மனம் குளிர்ந்திருக்கும்போது கேட்டால் வலி தெரியாது. செயலருக்கு என் யோசனை மிகவும் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் பட்டத்தோடு ஒரு பணக்கவரும் கொடுப்போம். இந்த முறை அது கிடையாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாராட்டு மடல் எழுதுவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதுவரை நூற்றுக்கு மேல் எழுதியிருக்கிறேன். எழுதி வாங்கிய ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

டிசம்பர் 14, சனி

மடல் முடிந்தது. பட்டம் 'எக்காள இசைமணி'. "தேவாலயத் தாழ்வாரத்தில் தந்தையிடம் கற்ற ஊதுகுழலை மாநகரத்தின் மூச்சாக்கிய மாதரசியே" என்று தொடங்குகிறது. ஆவுடைக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டாள். இவ்வளவு நல்ல டீச்சரை எதுக்கு அனுப்புதீங்க என்று கேட்டாள். பட்ஜெட் என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஆணை கையெழுத்தாகிவிட்டது. கழக முத்திரை போட்ட நீளக் கவரில் போட்டு, 'திருமதி ஞானமலர் ஏசுவடியான்' என்று என் கையாலேயே எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

டிசம்பர் 21, சனி

விழா இனிதே நடந்தது. டீச்சர் குடும்பமே வந்துவிட்டது. கணவர் ஏசுவடியான் அண்ணாச்சி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் ஷீபா. அண்ணன், தம்பி, கொழுந்தன், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று இரண்டு வேன். மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். போன மாதம்தான் வந்து போனாராம். இதற்காகத் திரும்பவும் ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தார். நான் மடலை வாசித்தபோது அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்துவிட்டார். டீச்சர் ஏற்புரையில் நாலே வார்த்தை பேசினார். அப்புறம் ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஒரு கீர்த்தனை வாசித்தார். நான் எழுதிய மடலைவிட அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கவர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தேன். கலையவில்லை. அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடும்பப் படத்துக்கு நடுவில் உட்காரவைத்தார். எவ்வளவோ மறுத்தேன். "உங்களாலதான சார் இது" என்றார்.

கவரைக் கொடுக்க நேரம் வாய்க்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

சட்டையைத் துவைக்கப் போட்ட ஆவுடை கவரை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காவிட்டால்தான் எனக்குப் பயம்.

டிசம்பர் 23, திங்கள்

ஐந்து மணிக்கே டீச்சர் வந்துவிட்டார், எப்போதும்போல. பிள்ளைகள் ரோஜாப்பூ கொடுத்து "இசைமணி டீச்சர்" என்று கத்தினார்கள். செயலர் நாலரைக்கே கிளம்பிவிடுவார். அதனால் டீச்சர் வந்தது அவர் கண்ணில் படவில்லை.

இன்று சொல்லிவிடத்தான் இருந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பிறகு அவரே மாடியேறி வந்தார். விழாவுக்கு நன்றி சொன்னார். வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"வேற ஒண்ணும் இல்லல்லா சார்?"

ஏதோ தெரிந்துவிட்டது போல.

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றேன்.

"சரி சார். சும்மா கேட்டேன்."

கிறிஸ்மஸ் வேறு வருகிறது. பண்டிகைக்கு முன்னால் யாராவது இதைச் சொல்வார்களா? புதுவருஷம் பிறக்கட்டும்.

டிசம்பர் 27, வெள்ளி

டீச்சர் வீட்டிலிருந்து ஒரு வாளி நிறைய முறுக்கும் கேக்கும். கூடவே விழாப் படத்தின் பிரதி. பெரிய அளவு. முப்பது பேருக்கு நடுவில் நான் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப்பைக்கு வெளியே ஏதோ வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. படத்தை மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.

கேக் நன்றாக இருந்தது. ஆவுடை தொடவில்லை.

ஜனவரி 1, புதன்

புது டைரி இல்லாததால் இதே டைரியின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டேன். கிழமையை அடித்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே போன வருஷத்துத் தீர்மானங்கள் இருக்கின்றன: தினமும் நடை, சர்க்கரை பாதி, யாரிடமும் மழுப்பாமல் பேசுவது. மிச்சமிருக்கும் ஓரத்தில் இதை எழுதுகிறேன்.

நடையைத் தொடங்க வேண்டும்.

ஜனவரி 3, வெள்ளி

புது மாதத்து வருகைப் பதிவேட்டில் டீச்சர் பெயர் இல்லை. இருக்க முடியாது, ஆணைப்படி அவர் டிசம்பர் 31-உடன் விடுவிக்கப்பட்டுவிட்டார். ஐந்து மணிக்கு அவர் கையெழுத்துப் போட வந்தால் பெயர் எங்கே என்று கேட்பார். நாலே முக்காலுக்குப் பென்சிலால் அவர் பெயரைக் கடைசி வரியில் எழுதிவைத்தேன். வந்தார், பேனாவால் கையெழுத்திட்டார், போனார்.

பேச்சியம்மாள் வாளியும் துடைப்பமுமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அலுவலக உதவியாளரிடம் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிடுகிறேன். அவர் உதவியாளர் என்பதல்ல விஷயம்.

ஜனவரி 6, திங்கள்

இதை எழுதத்தான் வேண்டும்.

டீச்சர் ஆலோசனை கேட்க வந்தார். பக்கத்து ஊர் கான்வென்ட் பள்ளி ஒன்றில் பேண்டு ஆசிரியை வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். முழு நேரம், பி.எஃப். உண்டு. பத்தாம் தேதிக்குள் சேர வேண்டும். சிஸ்டர் இரண்டு முறை போன் செய்துவிட்டாராம்.

"குடியரசு தினம் வருது. பிள்ளைங்க பாதி பாட்டுல நிக்குது. நீங்க பட்டமெல்லாம் குடுத்து, அம்புட்டுப் பேரு முன்னால மடல் வாசிச்சு... வாங்கி மாசம் ஒண்ணு ஆகல, அதுக்குள்ள விட்டுட்டுப் போனா நல்லாவா சார் இருக்கும்? நீங்க சொல்லுங்க."

போங்க டீச்சர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வேலை, போய்ச் சேருங்கள் என்று சொல்லியிருந்தால் கவரைக் கொடுக்கிற தேவையே வந்திருக்காது. கடவுளே வழி திறந்து கொடுத்த மாதிரி. ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகச் சொன்னால் ஏன் சொல்கிறேன் என்று கேட்பாரோ, பட்டம் கொடுத்த வாயால் இப்படிச் சொல்கிறீர்களே என்பாரோ என்று தோன்றியது.

"உங்க இஷ்டம் டீச்சர்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப இருக்கேன் சார்" என்றார்.

ஜனவரி 7, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 8, புதன்

ஆவுடையிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, கான்வென்ட் விஷயத்தை மட்டும். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "நாலு பேருன்னு சொன்னீங்களே, அந்த நாலாவது ஆளு யாரு?"

எழுதிவிடுகிறேன். நிகழ்ச்சி அமைப்பாளர். சேர்ந்தது 2016 ஜூன். மற்ற மூவரும் அதற்கு முன்பே சேர்ந்தவர்கள், ஞானமலர் டீச்சர் 2011-இல். கடைசியாகச் சேர்ந்தவர் போக வேண்டும் என்றால் போக வேண்டியவன் நம்பிராஜன். அதாவது நான். தேர்வில் தேறியவர்கள் எண்ணிக்கை என்ற அளவுகோலை அன்று நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. செயலர் வழக்கத்தைச் சொன்ன அடுத்த நொடியே அது என் வாயில் வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக என் வாழ்க்கையில் நான் எதையும் யோசித்ததில்லை.

ஆவுடையிடம் இதைச் சொல்லவில்லை. அவள் இரண்டாவது முறை கேட்கவும் இல்லை.

ஜனவரி 11, சனி

கான்வென்டுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. பேண்டு ஆசிரியை வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். நேற்றே ஒருவர் சேர்ந்துவிட்டார் என்றார்கள்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விடுமுறை. கரும்பைக் கடித்துக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. வேண்டும் எனக்கு.

ஜனவரி 17, வெள்ளி

பிள்ளைகள் தேசிய கீதம் வாசித்துப் பழகுகிறார்கள். சின்ன ட்ரம் இன்னும் அரை நொடி பிந்துகிறது. "மக்கா, இன்னொருக்க." ஒன்பது முறை எண்ணினேன். வகுப்பு முடிந்து படியேறி வந்த டீச்சர், குடியரசு தினத்துக்குச் சீருடைக்கு இஸ்திரி போட ஆள் உண்டா என்று கேட்டார். போகும்போது என் சட்டைப்பையை ஒரு பார்வை பார்த்தார். இதோடு மூன்றாவது தடவை. சந்தேகப்படுகிறார், நிச்சயம். அவரே கேட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜனவரி 20, திங்கள்

இந்த ஆண்டு கொடியேற்றத்தில் பேண்டு கிடையாதாம். வேன், சிற்றுண்டி, சீருடை எல்லாம் செலவு. ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிடலாம் என்று மாநகராட்சி சொல்லிவிட்டது. வாத்தியங்களை இருபத்தைந்தாம் தேதி லாரி வந்து கிடங்குக்கு எடுத்துப்போகும். செயலர் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "நல்ல வேளை, அந்தம்மாவ முன்னாடியே கௌரவமா அனுப்பிட்டோம்" என்றார்.

இனி தள்ளிப்போட நாள் இல்லை. லாரிக்காரன் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.

ஜனவரி 23, வியாழன்

போனேன். கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சர், ஒரு வருத்தமான செய்தி. டீச்சர், என்னை மன்னிக்க வேண்டும். இரண்டில் எதைச் சொல்வது என்று தெருமுனை வரை முடிவாகவில்லை.

கதவைத் திறந்ததும் எதிர்ச்சுவரில் நான்தான் இருந்தேன். விழாப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் என் மடல், மேலே வேத வசனப் பலகை. அந்த அளவில் பார்த்தால் என் பையில் துருத்திக்கொண்டிருப்பது கவர் என்று தெளிவாகத் தெரிகிறது. கழக முத்திரையில் பாதி தெரிகிறது. டீச்சர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகூடத் தெரிகிறது.

அண்ணாச்சி, டீச்சர், ஷீபா மூவரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காராமல் கவரை எடுத்து டீச்சரிடம் நீட்டினேன். இதை அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டேன்.

ஷீபா மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா மாமா, நான் சொன்னேம்லா, மறந்துதான் போயிருப்பாங்கன்னு."

எனக்கு விளங்கவே இல்லை. அண்ணாச்சிதான் கூச்சத்தோடு விளக்கினார். படம் வந்த அன்றே என் பையில் இருந்த கவரைப் பார்த்துவிட்டார்களாம். டீச்சர் பெயர் போட்ட கவர். கழகத்தில் பட்டத்தோடு எப்போதும் பணக்கவர் ஒன்று கொடுப்பது ஊருக்கே தெரியும். மேடையில் கொடுக்க சார் மறந்துவிட்டார், நாளைக்குக் கொடுப்பார், அடுத்த வாரம் கொடுப்பார் என்று இருந்திருக்கிறார்கள். வாரம் போகப் போகச் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கொழுந்தன் ஒருவர் நேரில் வந்து கேட்கவே கிளம்பிவிட்டாராம். டீச்சர் தடுத்திருக்கிறார்.

"நம்பி சார் அப்படிப்பட்டவரு இல்லன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன் சார்" என்றார் டீச்சர். "கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

இதைக் கேட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டவன் என்று நினைத்திருக்கிறார்கள். திருடன். அந்தப் பெயரோடு வெளியே வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. ஆனால் அவர்கள் மூவரும் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் யோக்கியன் என்று நிரூபணமாகிவிட்டதில் அவ்வளவு சந்தோஷம்.

கொடுத்தவர் முன்னால் கவரைப் பிரிப்பது அவர்கள் வழக்கமில்லை. அண்ணாச்சி அதை வாங்கி வேதாகமத்துக்குள் வைத்து, இரண்டு கையும் அதன்மேல் வைத்து ஜெபம் செய்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ஆண்டவரே, உழைப்புக்குக் கிடைத்த இந்த ஈவுக்காக ஸ்தோத்திரம், இதில் பத்தில் ஒன்று உமக்கே, இதைக் கொண்டுவந்த நம்பி சாரையும் அவர் வீட்டாரையும் ஆசீர்வதியும் என்றார். ஆமென் என்று மூவரும் சொன்னார்கள். என் குரலும் கேட்டது.

டீச்சர் காப்பி கொண்டுவந்தார். தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரமும் வைத்தார். காப்பியைக் குடித்தேன். முந்திரிக்கொத்து ஒன்று தின்றேன். வேதாகமத்தை விட்டு என் கண் நகரவில்லை. வாரேன் டீச்சர் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அண்ணாச்சி தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்.

இப்போது பிரித்திருப்பார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

வர மாட்டார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு வந்தார்.

லாரி வருவதைப் பேச்சியம்மாள் அவரிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளிடம் நாளைக்கு வாத்தியம் போகிறது, நன்றாகத் தேய்த்துக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார். புளி வந்தது. இருபத்திரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து தேய்த்தார்கள். எந்த ட்ரம்பெட் யாருடையது என்று துண்டுச்சீட்டு எழுதிக் கட்டினார். எடுத்து வைப்பதற்கு முன்னால் தேசிய கீதத்தை ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். சின்ன ட்ரம் இன்று பிந்தவில்லை. நான் படிக்கட்டில் எழுந்து நின்றேன்.

பிள்ளைகள் போன பிறகு மாடிக்கு வந்தார். பதிவேட்டைத் திறந்தார். பையிலிருந்து ரப்பர் எடுத்து, பென்சிலில் நான் எழுதிய தம் பெயரை அழித்தார். பேனாக் கையெழுத்துகள் மட்டும் பெயரில்லாமல் வரிசையாக நின்றன.

"ஆணையில இருபதாம் தேதி போட்டிருக்கு. விழாவுக்கு முந்தின நாளு."

"ஆமா டீச்சர்."

"அப்ப கான்வென்ட்டப் பத்தி நான் வந்து கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர்."

இரண்டே வார்த்தை. இந்த இரண்டு மாதத்தில் அவரிடம் நான் சொன்ன உண்மை அவ்வளவுதான். யாருக்குப் பதிலாக அவர் போகிறார் என்பதையும் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. ரப்பர் தூளை ஊதிவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"நேத்து வீட்டுக்கு வந்து இத வாயால சொல்லியிருந்தாலும் காப்பி குடுத்துத்தான் சார் அனுப்பியிருப்பேன். ஜெபம் பண்ண விட்டுட்டீங்களே."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். ஒலிபெருக்கியில் பாட்டு நடுவில் ஒருமுறை கரகரத்து நின்று மறுபடி வந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

காலையில் ஒரு குறிப்பு எழுதினேன். ஞானமலர் டீச்சருக்கு ஆணை வழங்கப்பட்டது ஜனவரி 23-இல், எனவே இம்மாதம் அவர் எடுத்த வகுப்புகளுக்கு ஊதியம் தர வேண்டும். ஆணையைக் கொடுக்காமல் வைத்திருந்தது என் தவறு. தேர்வு எண்ணிக்கை என்ற அளவுகோல் என்னால், என்னைக் காப்பாற்றிக்கொள்ள வைக்கப்பட்டது. கடைசியாகச் சேர்ந்தவன் நான். கையெழுத்துப் போட்டு, மனம் மாறுவதற்குள் தபால் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன். பேச்சியம்மாள் பதினான்காம் எண் போட்டார்.

செயலர் இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதுவீங்களே, இது என்ன இப்படி மொட்டையா இருக்கு?" என்றார். அடுத்த மாதம் குழுவில் வைப்பதாகச் சொன்னார். குழு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆவுடையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டுப் போட்டிருக்கிற பணம் மார்ச்சில் வரும், பார்த்துக்கொள்ளலாம் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மாலையில் பேச்சியம்மாளிடம் ஒரு உதவி கேட்டேன். டீச்சர் வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தப் படத்தைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்கும் வேதனையாக இருக்குமே என்றேன். அவர் போய்விட்டு வந்தார்.

"கழத்த மாட்டாங்களாம் சார். மகன் ஊருல இருக்கப்போ, குடும்பம் மொத்தமும் சேந்து எடுத்த படம் அது ஒண்ணுதானாம். நீங்க நடுவுல இருந்தாலும் பரவால்லன்னு டீச்சர் சொல்லச் சொன்னாங்க."